அஞ்சாப்பு முடியறதுக்குள்ள ஒரு பாட்டு டீச்சர் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மேலூர் பக்கம் ஒரு கிராமத்துல ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளில 33 வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவ, கடைசி ஒம்பது வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸ். உங்க பேப்பரை இப்ப போன்லதான் படிக்கிறேன், அதுவும் ஆஸ்திரேலியால, மெல்போர்ன்ல உக்காந்து. இங்க விடியும்போது ஊர்ல நடு ராத்திரி, அதனால எனக்கு எப்பவும் நேத்துப் பேப்பர்தான். மக வீட்டுக்குப் போன டிசம்பர்ல வந்தேன், ஜூலைல திரும்பணும். மகளும் மருமகனும் வேலைக்குப் போயிடுறதால பிள்ளைகளை ஸ்கூல்ல விடுறதும் கூட்டிட்டு வர்றதும் என் டியூட்டி. பேத்தி கிரேடு 3. பேரன் இந்த வருஷம்தான் ப்ரெப் சேந்தான், ப்ரெப்னா நம்ம யூ.கே.ஜி.யையும் ஒண்ணாப்பையும் கலக்கி வச்ச மாதிரி ஒரு வகுப்பு.

இந்த ஜூன்ல ஸ்கூல் திறக்குற சமயம் உங்க பேப்பர்ல வந்ததெல்லாம் ஒண்ணு விடாம படிச்சேன். பாடப் புத்தகம் வந்துருச்சா, யூனிஃபார்ம் எப்ப, பஸ் பாஸ், காலைச் சாப்பாடு, கட்டடத்துல விரிசல், எல்லாம் இருந்துச்சு. தொடக்கப் பள்ளிக்கு ஒரு பாட்டு டீச்சர், ஒரு டிராயிங் மாஸ்டர், ஒரு பி.டி. டீச்சர்ங்கிற பேச்சு மட்டும் ஒரு எடத்துலயும் இல்ல. உங்களை மட்டும் குத்தம் சொல்லல, 33 வருஷத்துல நானும் கேட்டது இல்ல, கேக்கணும்னு தோணினதுகூட இல்ல. இங்க வந்து அஞ்சாறு மாசம் பாத்த பிறகுதான் உறைக்குது, அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

ஸ்கூல் தொறந்த முத வாரம் பேத்தி "இன்னைக்கு எங்களுக்கு ஸ்பெஷலிஸ்ட் டே அம்மாச்சி"ன்னா. எனக்குத் தெரிஞ்ச ஸ்பெஷலிஸ்ட் எல்லாம் மதுரைல பெரிய ஆஸ்பத்திரில இருக்குறவங்கதான், யாருக்கு என்ன உடம்புக்குன்னு பதறிப் போயிட்டேன். அப்பறம்தான் மக சொன்னா. இங்க விக்டோரியா மாநிலத்துல தொடக்கப் பள்ளில ஒரு கிளாஸுக்கு ஒரு டீச்சர், இங்கிலீஷ், கணக்கு, மத்ததெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க, நம்ம மாதிரிதான். ஆனா வாரத்துல நாலஞ்சு பீரியட் பிள்ளைகளை வேற டீச்சர்கிட்ட ஒப்படைச்சிருவாங்க. விளையாட்டுக்கு ஒருத்தர், ஓவியத்துக்கு ஒருத்தர், இசைக்கு ஒருத்தர், வேற நாட்டு மொழி ஒண்ணுக்கு ஒருத்தர், ஸ்கூலைப் பொறுத்து லைப்ரரி இல்லாட்டி கம்ப்யூட்டர் ரோபோ மாதிரி எதாவது ஒண்ணுக்கு ஒருத்தர். ஒவ்வொண்ணும் அம்பது நிமிஷம், ஒரு மணி நேரம். அவங்கதான் ஸ்பெஷலிஸ்ட். அஞ்சு வயசுப் பிள்ளைக்கும் இது உண்டு, அதைத்தான் நீங்க கவனிக்கணும்.

மே மாசம் தாத்தா பாட்டிகளை எல்லாம் ஸ்கூலுக்குக் கூப்பிட்டு ஒரு காலைப் பொழுது வகுப்புல உக்கார விட்டாங்க. நான் பேரனோட பி.ஈ. வகுப்பும் (நம்ம பி.டி. பீரியட்தான்), பேத்தியோட மியூசிக் வகுப்பும், ஓவிய வகுப்பும் பாத்தேன். வாத்தியார் புத்தி போகாதே, பிள்ளைகளைப் பாக்காம டீச்சரையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

பி.ஈ.னா பந்தைக் குடுத்து "போய் விளையாடுங்க"ன்னு விட்டுருவாங்கன்னு நினைச்சேன், நாங்க அதைத்தானே செஞ்சோம். அந்த சார் இருபது பொடிசுகளை வச்சுக்கிட்டு ஒரு மணி நேரமும் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லிக் குடுத்தார், கையைத் தூக்கி ஒரு பொருளை எறியறது எப்படின்னு. தரைல ரெண்டு பாதம் வரைஞ்சு வச்சிருக்கார். பக்கவாட்டுல திரும்பி நில்லு, வலது கையால எறிஞ்சா இடது காலை முன்ன வை, எறிஞ்ச கை குறுக்க வந்து மறுபக்கத் தொடைகிட்ட முடியணும். பிள்ளைக பந்துகூட இல்ல, மணி நிரப்பின சின்னத் துணிப் பையைத்தான் எறியுதுக. என் பேரன் வலது கையும் வலது காலும் சேத்து வச்சு எறிஞ்சு பொத்துன்னு காலடில போட்டுக்கிட்டான். சார் ஒண்ணும் வையல, அவன் இடது கால் ஷூமேல ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார், "இந்தக் கால் முன்னாடி வரணும்"னார், அவ்வளவுதான். மூணாவது தடவை பை சுவர்ல போய் அடிச்சுச்சு. நானும் ஓரமா நின்னு கையை வீசிப் பாத்தேன், எனக்கும் தப்புக் கால்தான் வருது! 63 வயசு வரைக்கும் மாங்கா அடிச்சது, காக்கா விரட்டினது எல்லாம் தப்புக் கால்லதான், யாரும் சொல்லல.

அப்பறம் விசாரிச்சா இது அந்த சார் சொந்தமா கண்டுபிடிச்சது இல்ல, இந்த மாநிலக் கல்வித் துறை 1996-லயே டீச்சர்களுக்குன்னு ஒரு கையேடு போட்டிருக்கு, எறியறது, பிடிக்கிறது, உதைக்கிறது, ஓடுறது, எகிறிக் குதிக்கிறது, ஒதுங்கி ஓடுறதுன்னு 11 அடிப்படை அசைவு, ஒவ்வொண்ணையும் படிப்படியா பிரிச்சு. நாம உயிரெழுத்து சொல்லிக் குடுக்குற மாதிரி. சின்ன வயசுல இது வந்துட்டா அப்பறம் கிரிக்கெட்டோ கபடியோ எதுவும் வரும், வரலைன்னா பத்து வயசுல "எனக்கு விளையாட்டே வராது"ன்னு அந்தப் பிள்ளை ஓரமா உக்காந்துரும். அப்படி ஓரமா உக்காந்த பிள்ளைகளை நான் நிறையப் பாத்திருக்கேன், அதுகளை நோட்டுத் திருத்த உதவிக்குக் கூப்பிட்டுக்குவேன், நல்ல பிள்ளைன்னு பாராட்டவும் செய்வேன். இப்ப நினைச்சா ஒரு மாதிரியா இருக்கு.

இதோட சேந்தது நீச்சல். தொடக்கப் பள்ளி முடிக்கிறதுக்குள்ள, அதாவது பன்னெண்டு வயசுக்குள்ள, ஒரு பிள்ளை 50 மீட்டர் நிக்காம நீந்தணும், ஆழத்துல கொஞ்ச நேரம் மிதக்கத் தெரியணும்கிறது இங்க வச்சிருக்குற அளவுகோல். போட்டிக்குப் போறதுக்கு இல்ல, சாகாம இருக்குறதுக்கு. சட்டை துணியோட தண்ணில விழுந்தா என்ன செய்யணும்னுகூட பழக்குறாங்க. ஊர்ல ஒவ்வொரு கோடை லீவுலயும் கம்மாய்ல கிணத்துல குவாரிக் குட்டைல முங்கிப் போன பிள்ளைக நியூஸை நாம உங்க பேப்பர்லதான் படிக்கிறோம், ஐயோ பாவம்னு அடுத்த பக்கம் திருப்புறோம். எங்க ஊர் ஸ்கூலுக்குப் பின்னாடியே கம்மாய். 33 வருஷம் "கம்மாய்ப் பக்கம் போகாதே"ன்னு பிரேயர்ல சொன்னேனே தவிர நீந்தச் சொல்லிக் குடுக்க ஒரு ஆள் வேணும்னு நான் மனு எழுதினது இல்ல.

இப்ப மியூசிக். இதைச் சொல்லத்தான் லெட்டரே ஆரம்பிச்சேன், எங்கயோ போயிட்டேன்.

அந்த ரூம்ல வரிசையா மரக்கட்டை சைலஃபோன் வச்சிருந்துச்சு, ஜலதரங்கம் மாதிரி குச்சியால தட்டுறது. டீச்சரம்மா சின்ன வயசு, முப்பது இருக்கும். பிள்ளைக வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு வாத்தியத்துலயும் சில கட்டையைக் கழட்டி ஒரு டப்பால போட்டுக்கிட்டு இருந்தா. ஏன்னு கேட்டேன். எஃப், பிங்கிற ரெண்டு ஸ்வரக் கட்டையையும் எடுத்துட்டா மிச்சம் இருக்குற அஞ்சையும் பிள்ளை எப்படித் தட்டினாலும் காதுக்கு உறுத்தாது, தப்பே வராது, தப்பு வராதுன்னு தெரிஞ்சா பிள்ளை தைரியமா சொந்தமா எதாவது வாசிக்கும்னா. கார்ல் ஓர்ஃப்னு ஜெர்மனில ஒரு இசையமைப்பாளர் இருந்தாராம், குழந்தைகளுக்குன்னு அவர் கொண்டு வந்த முறை, 1950-கள்லயே புத்தகமா வந்துருச்சாம். சரின்னு உக்காந்தேன். பிள்ளைக வந்து தட்ட ஆரம்பிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சி, டி, ஈ, ஜி, ஏ. ஸ ரி க ப த. மோகன ராகம்! நான் சின்ன வயசுல ரெண்டு வருஷம் பாட்டு கத்துக்கிட்டவ, கீதம் தாண்டல, ஆனா மோகனம் தெரியாமயா போகும். சீனப் பிள்ளை, சோமாலியாப் பிள்ளை, பஞ்சாபிப் பிள்ளை, வெள்ளைக்காரப் பிள்ளை எல்லாம் சேந்து உக்காந்து மெல்போர்ன்ல ஒரு தகரக் கூரை ரூம்ல மோகனம் தட்டுதுக, அதுகளுக்கும் தெரியல, டீச்சருக்கும் தெரியல.

வகுப்பு முடிஞ்சதும் அவகிட்ட சொன்னேன், இதுக்கு எங்க ஊர்ல பேர் இருக்குன்னு. பாடிக் காட்டச் சொன்னா. வெக்கமா இருந்தாலும் ஆரோகணம் அவரோகணம் பாடினேன், என் குரல் இப்ப ஒரு கட்டை சுருதிக்கே மூச்சு வாங்குது. அடுத்த வாரம் பேத்தி வந்து சொல்றா, டீச்சர் போர்டுல "மோகனம்"னு எழுதிப் போட்டு சொல்லிக் குடுத்தாங்களாம். தாளத்துக்கு அவங்க "டா, டி-டி"ன்னு ஒரு சொல்கட்டு வச்சிருக்காங்க, நம்ம தக, தகிட, தகதிமி மாதிரி. அதையும் பேத்தி நான் சொல்லிக் குடுத்து ஸ்கூல்ல போய்ச் சொல்லிட்டு வந்துட்டா. இதுல ஆதங்கம் என்னன்னா, இந்தப் பொருள் எல்லாம் நம்மகிட்ட ஏற்கனவே இருக்கு, தகதிமி கத்துக்க எந்த மரக்கட்டையும் வாங்க வேண்டாம், தொடைல தட்டினாப் போதும். ஆள்தான் இல்ல. எங்க ஸ்கூல்ல பாட்டுன்னா ஆண்டு விழாக்கு ஒரு மாசம் முன்னாடி சினிமாப் பாட்டுக்கு டான்ஸ் பழக்குறது, அதோட சரி.

ஓவிய வகுப்புல நானே மாட்டிக்கிட்டேன். இங்க டிசம்பர்லயிருந்து ஏப்ரல் வரைக்கும் சென்ட் கில்டா ரோட்டுல இருக்குற பெரிய கலைக்கூடத்துல, என்.ஜி.வி.ன்னு சொல்வாங்க, யாயோய் குசாமாங்கிற ஜப்பான் அம்மாவோட கண்காட்சி நடந்துச்சு, 1929-ல பிறந்தவங்க, புள்ளி புள்ளியா வரைஞ்சே உலகம் பூரா பேர் வாங்கினவங்க. ரோட்டு மரத்துக்கெல்லாம்கூட ரோஸ் கலர்ல புள்ளி போட்ட துணியைச் சுத்தி விட்டிருந்தாங்க, நம்ம ஊர்ல திருவிழாக்கு வாழைமரம் கட்டுற மாதிரி. அதை வச்சு ஓவிய டீச்சர் ஒரு டெர்ம் பூரா புள்ளி பத்தியே நடத்தியிருக்காங்க. என் பேத்தி சும்மா இருக்காம "எங்க அம்மாச்சி டெய்லி வாசல்ல புள்ளி வைப்பாங்க"ன்னு சொல்லி வச்சிருக்கு, அங்க போனதும் சாக்பீஸைக் கையில குடுத்துட்டாங்க. வெளிய தார்த் தரைல ஏழு புள்ளி ஏழு வரிசை வச்சு ஒரு சிக்குக் கோலம் போட்டேன். மூட்டு வலி, குனிஞ்சு எழுந்திருக்குறதுக்குள்ள போதும்னு ஆயிடுச்சு. பிள்ளைக வரிசையா கோட்டுமேலயே நடந்து பாத்துதுக, ஆரம்பிச்ச எடத்துக்கே வந்து சேருதான்னு. ஒரு பையன் மட்டும் ஒரு வளைவுல வழி மாறிட்டான், திரும்ப முதல்லேருந்து.

அந்த டீச்சர் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க, அது இன்னும் மனசுல நிக்குது. "இதை யாரு வேணாலும் போடலாமா, இல்ல உங்க குடும்பத்துக்கோ ஊருக்கோ மட்டும் உரியதா? பிள்ளைகளை இதைப் பாத்துப் போடச் சொல்லலாமா?" நான் முழிச்சேன். அப்பறம் விளக்கினாங்க. இந்த நாட்டுப் பூர்வகுடி மக்களோட புள்ளி ஓவியம் ஒவ்வொண்ணுலயும் ஒரு கதை இருக்கும், அந்தக் கதை சில குடும்பத்துக்குத்தான் சொந்தம், அதனால அதை அப்படியே பாத்து வரையச் சொல்ல மாட்டோம், கதையைக் கேப்போம், பாப்போம், நிறுத்திக்குவோம்னாங்க. 1971-ல நடுப் பாலைவனத்துல பாப்புன்யாங்கிற ஊர்ல, அந்த மக்கள் ஸ்கூல் சுவத்துல தேனெறும்புக் கதையைப் பெருசா வரைஞ்சதுலதான் இன்னைக்கு உலகம் பூரா தெரியிற அந்த ஓவியம் எல்லாம் வெளிய வந்துச்சாம், அதுக்குத் தூண்டுகோலா இருந்தவரு அங்க வேலை பாத்த ஜெஃப்ரி பார்டன்னு ஒரு ஸ்கூல் வாத்தியார். கோலத்துக்கு நான் "எங்க ஊர்ல வாசல் இருக்குற எல்லாருக்கும் சொந்தம்"னு சொல்லிட்டு வந்தேன். வேற பதில் சட்டுனு வரல.

எல்லாம் ஆகா ஓகோன்னு நினைச்சுக்காதீங்க, குறை இருக்கு. மொழிப் பாடம் இருக்கே, அது எனக்குத் திருப்தி இல்ல. ஒவ்வொரு ஸ்கூல்ல ஒவ்வொரு மொழி, இத்தாலியன், ஜப்பானிய மொழி, சீனம், காது கேக்காதவங்களோட சைகை மொழிகூட உண்டு. இந்த ஸ்கூல்ல இந்தோனேசிய மொழி. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேளுங்க, பேத்தி நோட்டுல கப்பலுக்குக் 'காபால்'னு எழுதியிருக்கு, கடைக்குக் 'கெடாய்', பெட்டிக்குப் 'பெத்தி', மாம்பழத்துக்கு 'மங்கா'. எல்லாம் நம்ம வீட்டுச் சாமான், என்னைக்கோ கப்பல் ஏறிப் போனது! ஆனா வாரத்துக்கு ஒரு பீரியட், வருஷத்துக்கு நாப்பது வாரம், அதுலயும் ஸ்போர்ட்ஸ் டே, டூர், டீச்சர் லீவுன்னு கழிஞ்சுரும். பேத்திக்கு இது நாலாவது வருஷம், இன்னும் கலரு, ஒண்ணு ரெண்டு மூணு, "உன் பேர் என்ன"லயே நிக்குது. வாரம் ஒரு மணி நேரத்துல மொழி வராதுன்னு ஒண்ணாப்பு டீச்சர் எவளும் சொல்லுவா. லைப்ரரியும் எல்லா ஸ்கூல்லயும் தனி டீச்சரோட இல்லையாம், பேருக்குப் புத்தகம் மாத்திட்டு வர்ற ஸ்கூலும் இருக்காம். ரோபோ வகுப்பு பத்தி எனக்குச் சொல்லத் தெரியல, தேனீ மாதிரி மஞ்சளா ஒரு பொம்மை, முதுகுல இருக்குற பட்டனை அமுக்கினா ஒரு அமுக்குக்கு 15 சென்டிமீட்டர் நகருது, பேரன் அதை வச்சு முன்ன பின்ன இடது வலது கத்துக்கிட்டான், அது வரைக்கும் லாபம்.

இங்க இருக்குற நம்மாளுகளையும் சொல்லணும். ஸ்கூல் வாசல் கேட்டுப் பக்கம் நிக்கும்போது அம்மா அப்பாக்கள் பிள்ளைகிட்ட கேக்குறதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், "இன்னைக்கு மேத்ஸ்ல என்ன பண்ணாங்க?" "ஸ்பெஷலிஸ்ட்தாம்மா இன்னைக்கு." "அப்ப ஒண்ணுமே பண்ணலையா?" பிள்ளை மூஞ்சி சுருங்கிரும். ஒம்பதாவதுல செலக்டிவ் ஸ்கூல்னு, பரீட்சை வச்சுப் பிள்ளையை எடுக்குற அரசுப் பள்ளி, அதோட என்ட்ரன்ஸுக்கு இப்பயிருந்தே டியூஷன், சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளையைக் கார்ல அள்ளிப் போட்டுக்கிட்டுப் போறாங்க. என் மகளும் விதிவிலக்கு இல்ல, நான் சொன்னா "அம்மா உங்களுக்குத் தெரியாது"ங்குறா. 33 வருஷம் ஸ்கூல் நடத்தினவளுக்குத் தெரியாதாம்.

இனி நான் கேக்க வந்த விஷயம். இங்க ஸ்பெஷலிஸ்ட் வச்சதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு, அது பிள்ளைகளுக்கு இல்ல, கிளாஸ் டீச்சருக்கு. இந்த மாநிலத்துல அரசுப் பள்ளி டீச்சர்களுக்கும் அரசுக்கும் 2022-ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அதுப்படி தொடக்கப் பள்ளி டீச்சர் வாரத்துக்கு 22.5 மணி நேரம் பிள்ளைகளுக்கு முன்னாடி நின்னது குறைஞ்சு 2024-லேருந்து 21 மணி நேரம் ஆச்சு. மிச்ச நேரம் வீட்டுக்குப் போறதுக்கு இல்ல, அடுத்த வாரப் பாடத்தைத் தயார் பண்ண, நோட்டுத் திருத்த, பின்தங்கின பிள்ளைக்கு என்ன செய்யலாம்னு யோசிக்க. பேத்தி ஸ்கூல்ல மூணு கிரேடு 3 கிளாஸும் ஒரே நேரத்துல ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போற மாதிரி டைம்டேபிள் போட்டிருக்காங்க, அந்த நேரம் மூணு கிளாஸ் டீச்சரும் ஒண்ணா உக்காந்து பேசுவாங்க. அதாவது பாட்டு டீச்சர் பாட்டும் சொல்லிக் குடுக்குறாங்க, கணக்கு டீச்சருக்கு மூச்சு விட நேரமும் குடுக்குறாங்க. ஒரு கல்லுல ரெண்டு மாங்கா, சரியான கால்ல நின்னு எறிஞ்சது.

நம்ம ஊர்ல என்ன கதை? என் ஸ்கூல்ல நானும் இன்னொரு டீச்சரும், அஞ்சு வகுப்பு. அவ ஒண்ணு ரெண்டு, நான் மூணு நாலு அஞ்சு. 2007-க்கு அப்பறம் செயல்வழிக் கற்றல் வந்துச்சு, ஏணிப்படி, அட்டை, வட்டமா உக்காரறது, 2022-ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்துச்சு, நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா டைம்டேபிள்ல ஓவியம், உடற்கல்வின்னு இருக்குற பீரியட்ல நான் என்ன செஞ்சேன் தெரியுமா? வருகைப் பதிவு ஏத்துவேன், எமிஸ்னு அரசாங்கத்தோட பள்ளி விவர இணையதளம், அதுல விவரம் ஏத்துவேன், சத்துணவுக் கணக்கு பாப்பேன், ஸ்காலர்ஷிப் ஃபாரம் நிரப்புவேன். பிள்ளைகளை "சத்தம் போடாம எதாவது வரைங்க"ன்னுருவேன். எல்லாப் பிள்ளையும் ஒரே படம்தான் வரையும், ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், ஆறு. மேலூர்ல ஏதுடி ஆறுன்னு ஒரு நாளும் நான் கேட்டது இல்ல.

சட்டத்தையே எடுத்துக்கோங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல கடைசில ஒரு அட்டவணை இருக்கு, எந்த ஸ்கூலுக்கு எத்தனை டீச்சர்னு. ஒண்ணுலயிருந்து அஞ்சு வரைக்கும் 60 பிள்ளைக்கு ரெண்டு டீச்சர்னு தலைக்கணக்கு மட்டும்தான், பாட்டு, படம், விளையாட்டுக்குன்னு தனியா ஆளே கிடையாது. ஆறுலயிருந்து எட்டு வரைக்கும்தான் கலை, உடற்கல்வி, கைத்தொழிலுக்குப் பகுதிநேர ஆசிரியர், அதுவும் நூறு பிள்ளைக்கு மேல இருந்தா! அப்ப பத்து வயசு வரைக்கும் பிள்ளைக்குக் காது, கை, கால் இல்லையா? நம்ம மாநிலத்துல 2012-ல அந்தப் பகுதிநேர ஆசிரியர்களைப் பதினாறாயிரத்துக்கும் மேல போட்டாங்க, மாசம் 5,000 ரூபா, வாரத்துக்கு மூணு அரை நாள். சம்பளம் அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கு, ஆனா பணி நிரந்தரம் கேட்டு அவங்க வருஷா வருஷம் சென்னைல போய் உக்காந்தது உங்க பேப்பர்லயே வந்ததுதான். அவங்க கையில பிள்ளை வந்து சேரும்போது பதினோரு வயசு. எறியறதுக்குத் தப்புக் கால் பழகிருக்கும், "எனக்குப் பாட வராது"ன்னு முடிவு பண்ணிருக்கும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கவே தெரியாத பிள்ளைக்குப் பாட்டு எதுக்கும்மான்னு கேப்பீங்க. நானும் மீட்டிங்ல அதையே பேசினவதான். ஆனா கைவிரல் பிடிமானம் இல்லாத பிள்ளைதான் எழுத்தையும் கோணலா எழுதும், தாளம் பிடிக்கத் தெரியாத பிள்ளைதான் வாய்ப்பாட்டைத் தப்பும் தவறுமா சொல்லும், இதை ஒண்ணாப்பு எடுத்த எந்த டீச்சர்கிட்ட வேணாலும் கேளுங்க. பணம் இல்லைங்கிறது அடுத்த பதில். 2022 செப்டம்பர் 15-ம் தேதி எங்க மதுரைலதான் காலை உணவுத் திட்டத்தை ஆரம்பிச்சாங்க, ஒண்ணுலயிருந்து அஞ்சு வரைக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கு. யோசிச்சுப் பாருங்க, சோறுன்னு வந்தப்ப சின்னப் பிள்ளைக்குத்தான் முதல்லன்னு நம்ம அரசாங்கத்துக்குத் தோணிச்சு, சரியாத்தான் தோணிச்சு. பாட்டு டீச்சருக்கு மட்டும் ஏன் ஆறாப்பு வரைக்கும் காத்திருக்கணும்?

ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் மூணு பேர் போடச் சொல்லல, ரெண்டு டீச்சர் ஸ்கூலுக்கு அது நடக்காதுன்னு எனக்கே தெரியும். குறுவள மையம்னு ஏற்கனவே அக்கம்பக்கத்து ஸ்கூல்களைச் சேத்துத்தானே எங்களுக்கு ட்ரெயினிங் வைக்கிறாங்க. அதே மாதிரி அஞ்சு ஸ்கூலுக்கு ஒரு பாட்டு டீச்சர், ஒரு ஓவிய டீச்சர், ஒரு உடற்கல்வி டீச்சர். திங்கக்கிழமை ஒரு ஊரு, செவ்வாக்கிழமை ஒரு ஊரு. ஒரு ஸ்கூலுக்கு வாரத்துல ஒரு நாள் ஒரு ஆள் வந்தாலே போதும், அன்னைக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் எமிஸ் வேலையை உக்காந்து நிம்மதியா முடிப்பா, பிள்ளைக நேரத்தைத் திருட வேண்டியது இல்ல. ஆளுக்குப் பஞ்சமா? இசைக் கல்லூரில படிச்சு வந்தவங்க, ஓவியத்துல டிப்ளமோ வச்சிருக்கவங்க, பி.பி.எட்.னு உடற்கல்விப் படிப்பு முடிச்சவங்க எத்தனை பேர் செல்போன் கடைலயும் ஜவுளிக் கடைலயும் நிக்கிறாங்கன்னு மதுரை மாசி வீதில ஒரு நடை நடந்து கேளுங்க. பறை அடிக்கத் தெரிஞ்சவங்க, ஒயிலாட்டம், கும்மி தெரிஞ்சவங்க ஊருக்கு ஒருத்தர் இருக்காங்க, அவங்களுக்குச் சர்ட்டிபிகேட் இல்லைங்கிறதைத் தவிர வேற குறை இல்ல.

உடனே யாராவது "நீங்களே வந்து இலவசமா சொல்லிக் குடுங்களேன் டீச்சர்"னு லெட்டர் போடுவாங்க, அதையும் சொல்லிடறேன். ஊருக்கு வந்ததும் என் பழைய ஸ்கூலுக்குப் போவேன், சாக்பீஸ் வாங்கிட்டுப் போயி பிள்ளைகளோட கோலம் போடுவேன், அது என் ஆசை. ஆனா நான் கேக்குறது அது இல்ல. என்னைய மாதிரி முட்டி வலிக்காரி ஓசில வந்து போறது திட்டம் ஆகாது. முறையா ஆர்டர் குடுத்து, மாசச் சம்பளம் குடுத்து, பஸ் படி குடுத்து ஆள் போடணும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை,
மேலூர் (இப்போதைக்கு மெல்போர்ன்)

பி.கு: லெட்டர் ரொம்ப நீண்டு போச்சு, உங்க பக்கத்துல எடம் பத்தாதுன்னு தெரியும். வெட்டணும்னா ரோபோவையும் என் மகளைப் பத்தி எழுதினதையும் வெட்டிக்கோங்க, அவ இந்தப் பேப்பரைப் படிக்கிறா. மோகனத்துல மட்டும் கை வச்சுடாதீங்க.